சொல்தா பக்கிரியின் வாட்ச்

தணிகாசலம் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். எழுந்ததும் பல் விளக்கக்கூடப் போகாமல் பீரோவைத் திறந்து, பஞ்சு விரித்த மரப்பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்து, உள்ளே இருக்கும் வாட்சுகளுக்கு ஒவ்வொன்றாகச் சாவி கொடுப்பான். சாவி இறுகுகிற இடத்தை விரலே சொல்லிவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, காதோரம் வைத்துக் கேட்டு, பிறகுதான் அடுத்ததைத் தொடுவான்.

"என் நெத்தியில ஒருநாளாவது இப்பிடி கைய வெச்சி, சுரம் அடிக்குதான்னு பாத்திருக்கீங்களா?" என்று அடுப்படியிலிருந்து செல்வாம்பாள் கேட்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் கோபமாகக் கேட்டது. இப்போது காபி ஆற்றுகிறபோது சும்மா வாயில் வருவது.

அவன் வேலை பார்த்தது உப்பளம் என்கிற பேட்டையை ஒட்டியிருந்த ஒரு சின்ன நூல் மில்லில், டைம் ஆபீஸ் கிளார்க்காக. ஷிப்டு மாறுகிறபோது ஊதுகிற சங்கின் பொத்தான் அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்தது. விடியக்காலைச் சங்கை எப்போதும் அவன்தான் ஊதுவான். அந்தச் சங்குக்குத்தான் உப்பளத்தில் பாதி அடுப்பு பற்றும். அதனால் தெருவில் அவனுக்கு மணிக்காரர் என்று பெயர். பெட்டியில் இருக்கிற வாட்சுகளைப் பற்றி அந்தத் தெருவுக்கே தெரியாது.

மில் கிளார்க்குக்கு அந்த மாதிரி வாட்சுகள் கிடைத்தது புதுச்சேரியாக இருந்ததால்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைச் சொல்தா என்பார்கள். சைகோனிலும் அல்ஜீரியாவிலும் இருந்து வந்த சொல்தாக்கள் ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்தார்கள். அவர்கள் செத்தபிறகு அந்தப் பெட்டிகள் பரணில் கிடந்தன. தணிகாசலம் பர்மா பஜாரில் எலக்ட்ரானிக் வாட்ச் வாங்கிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போவான். பொத்தானை அமுக்கினால் சிவப்பு எண் எரியும் வாட்ச். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்ததும் தாத்தாவின் பழைய வாட்சை அவர்களே எடுத்துவந்து நீட்டுவார்கள். "சாவி குடுக்கற சனியனுக்கு இத குடுக்கறாரே, பைத்தியக்காரர்" என்று அவன் தலை மறைந்ததும் சிரிப்பார்கள். அப்படி வந்ததுதான் தேய்பிறை வளர்பிறை காட்டுகிற ஒன்று. ஓட்டப்பந்தயத்துக்கு நிறுத்தி ஓடவிடுகிற ஒன்று. லீப் வருஷத்துப் பிப்ரவரியைக்கூடத் தானாகவே தெரிந்து தேதி மாற்றுகிற ஒன்று. அதைப் பிரித்து மூடிய கைகள் எத்தனை வருஷம் பழகியிருக்கும் என்று அவன் அடிக்கடி நினைப்பான்.

அவனிடம் இல்லாதது, மணியைச் சத்தத்தால் சொல்கிற வாட்ச். சுவர்க்கடிகாரம் அடிப்பது பெரிய விஷயமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டுக்குள், சக்கரங்களுக்கு நடுவே, இரண்டு சுத்தியலையும் இரண்டு கம்பி வளையத்தையும் வைத்து, கேட்கிறபோது கேட்ட நிமிஷம் வரைக்கும் அடித்துச் சொல்ல வைப்பது என்றால், உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களால்தான் முடியும். கையில் கட்டுகிற அளவில் அப்படி ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருந்தான்.

அது இரண்டு தெரு தள்ளி, கண் தெரியாத ஒரு கிழவரின் கையில் இருந்தது.

சொல்தா பக்கிரி சைகோன் ஆஸ்பத்திரியில் ஒரு பிரெஞ்சு டாக்டருக்கு உதவியாளாக இருந்தவர். கப்பலேறப் போகிறபோது அந்த டாக்டர் கழற்றிக் கொடுத்தது அந்த வாட்ச். பெண்டாட்டி செத்து, மகள் அஞ்சலாட்சி காரைக்காலுக்குக் கட்டிக்கொண்டு போனபிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். கண்ணில் நீர் அழுத்தம் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது.

"கண்ணு இருந்த வரைக்கும் பெட்டியில பத்திரமா இருந்துச்சி. கண்ணு போனப்புறம்தான் கைக்கு வந்துச்சி" என்பார்.

கூட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு. அதை மேலே தள்ளிவிட்டால் மணிக்குக் கனத்த ஒலி, கால்மணிக்கு இரண்டு வளையமும் சேர்ந்து டிங்-டாங், மிச்ச நிமிஷத்துக்கு மெல்லிய ஒலி. முதன்முதலாக அதைக் கேட்ட அன்று தணிகாசலத்துக்குப் பிடரி சிலிர்த்தது. மறுவாரமே பர்மா பஜார் வாட்சோடு போய் நின்றான்.

பக்கிரி அதைத் தடவிப் பார்த்தார். "இது எப்பிடி மணி சொல்லும்?"

"அமுக்கினா வெளிச்சம் போடும் பெரியப்பா."

"கண்ணு தெரியாதவனுக்கு வெளிச்சம் போடற வாட்சா? போ தம்பி, போயி யாருனா கண்ணு உள்ள ஏமாளியா பாரு." கிழவர் இருமி இருமிச் சிரித்தார். தணிகாசலமும் சேர்ந்து சிரித்தான். முகம் மட்டும் சூடாயிற்று.

அதற்குப் பிறகு அவரோடு ஒரு பழக்கம் வந்தது. விடியக்காலைச் சங்கு ஊதியதும் அவர் வாட்சை அடிக்கவிட்டுச் சரிபார்ப்பார். ஆளில்லாத மெயின் ரோட்டைக் கைத்தடியோடு தனியாகக் கடந்து எதிர்ச்சாரியில் இருக்கும் கமலா டீக்கடைக்குப் போவார். அந்த நேரத்தில் ரோட்டில் மாடுகூட இருக்காது. அந்த ஒரு பொழுதுதான் அவர் யார் கையையும் பிடிக்காமல் நடப்பது. வேலை முடிந்து வருகிறபோது தணிகாசலம் எட்டிப் பார்த்தால், "ஓன் சங்கு இன்னிக்கி ஒரு நிமிசம் லேட்டு தம்பி. ராத்திரி பொண்டாட்டிகூட சண்டையா?" என்று கேட்பார்.

எண்பத்து மூணாம் வருஷம் பங்குனியில் அந்த வாட்சின் வாய் அடைத்துக்கொண்டது. முள் ஓடியது, நாக்கைத் தள்ளினால் ஒரு கர்ரென்ற சத்தம் மட்டும்.

"மெட்ராஸ்ல பெரிய பெரிய கடைக்காரனெல்லாம் கேட்டான், குடுக்கல. ஒன்கிட்டத்தான் குடுக்கறேன்" என்று பக்கிரி அதைத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தன் கையாலேயே மடக்கிவிட்டார்.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த ரிப்பேர்க்காரர் முதுகு மூடியைத் திறந்தபோது தணிகாசலம் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெளியே யாருக்கும் தெரியப்போகாத இடத்தில்கூட ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் சரித்து இழைத்திருந்தார்கள். திருகாணிகளுக்கு நெருப்பில் வாட்டி எடுத்த மயில்கழுத்து நீலம். சுத்தியல்கள் இரண்டும் கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுக்கம். கோளாறு ஒன்றும் பெரிதில்லை; பழைய எண்ணெய் கோந்தாகிப்போயிருந்தது. பிரித்துக் கழுவி மூட நாள் பிடித்ததே தவிர, ஒரு சாமானும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வாட்சை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுவதற்குள் எத்தனை முறை அந்த நாக்கைத் தள்ளினானோ, பக்கத்து சீட்டுக்காரர் "என்னா சார், பொம்மையா?" என்று கேட்டார். இறங்கியதும் நேரே பக்கிரி வீட்டுக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தான். இறங்கும்போது நல்ல தூறல். நாளைக்குக் கொடுக்கலாம், ஒரு ராத்திரி வீட்டில் இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விடியக்காலை மற்ற வாட்சுகளோடு அதற்கும் சாவி கொடுத்தான். பெட்டியில் அதற்கென்று ஒரு குழி இத்தனை நாளாகக் காலியாக இருந்ததுபோல் அது போய் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் பக்கிரி வாசலிலேயே அவன் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வா தம்பி, வா. என்னா சொன்னான் மெட்ராசுக்காரன்?"

தணிகாசலம் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது ஒன்று; வந்தது வேறு. "உள்ள ஒரு ஸ்பிரிங்கு வில்லு ஒடைஞ்சிருக்காம் பெரியப்பா. பம்பாயிலேர்ந்து வரணுமாம்."

"அய்யய்யோ. நாளாவுமா?"

"கொஞ்சம் ஆவும்."

கிழவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவரே அவனுக்குச் சமாதானம் சொன்னார். "ஆவட்டும், அதுக்கு ஏன் நீ மூஞ்ச தொங்கப்போடற? எனக்கு என்னா அவசரம், ஓன் சங்குதான் இருக்கே. விடிஞ்சா சொல்லுது, மத்தியானம் சொல்லுது. அது போதும்."

அவன் முகம் தொங்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தணிகாசலம் வழியெல்லாம் யோசித்தான்.

சித்திரை, வைகாசி போயிற்று. வில் இன்னும் பம்பாயிலிருந்து வரவில்லை. ஆனி கடைசியில் வந்த வில் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு பொய்க்கு அடுத்ததை அவன் யோசித்துத் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ரிப்பேர்க்கடையில் நடக்கக்கூடியவைதான். அதனாலேயே அவை அவனுக்குப் பொய் மாதிரிப் படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவோம் என்று அவன் ஒவ்வொரு வாரமும் நிஜமாகவே நினைத்தான்.

செல்வாம்பாளுக்கு அந்தச் சத்தம் முதல் நாளே கேட்டுவிட்டது. ஆடி வரைக்கும் பொறுத்திருந்தாள். ஒருநாள் அவன் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு அதை அடிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது முறத்தோடு வந்து நின்றாள்.

"இது சொல்தாவோட வாட்சு இல்ல?"

"ம்."

"ரிப்பேர்ல இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லிக்கினு திரியறீங்க?"

"நாலு நாள்ல குடுத்துடுவேன். சத்தம் நிக்காம அடிக்குதான்னு பாக்கறேன்."

"பாத்தது போதும். அந்த மனுசன் கண்ண புடுங்கியாந்து பஞ்சுல வெச்சிருக்கீங்க." அவள் முறத்தை உதறிய உதறலில் கல்லும் நொய்யும் கட்டில்மேல் சிதறின. தணிகாசலம் அவசரமாகப் பெட்டியை மூடினான். வாட்சுக்குள் தூசி போகக்கூடாதே என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அவள் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

ஐப்பசியில் மில்லை மூடினார்கள். நஷ்டமென்று முதலாளி சொன்னார். கேட்டில் நோட்டீஸ் ஒட்டிப் பூட்டுப் போட்டாயிற்று. தொழிலாளிகள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். டைம் ஆபீஸ் கேட்டுக்கு வெளிப்பக்கத்தை ஒட்டி இருந்ததால் அதன் சாவி மட்டும் தணிகாசலத்திடமே இருந்தது. காலையில் போய்ப் பூட்டைத் திறந்து, காலியான அட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவான். சங்கு ஊதவில்லை.

சங்கு இல்லாமல் அந்தப் பக்கத்து வீடுகளே தடுமாறின. சுவரில் கடிகாரம் இருந்தவர்கள் சமாளித்தார்கள். பக்கிரி ஒரு புரட்டாசி வெயில் மாதிரிக் காய்ந்த ஐப்பசி மத்தியானத்தில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தெருப் பையன் ஒருவன் கையைப் பிடித்தபடி தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்தார்.

"வேலயிலேர்ந்து வந்துட்டியா தம்பி? சாயங்காலம் பேசிட்டு போவலாம்னு வந்தேன்."

"மில்லுதான் மூடியிருக்குதே பெரியப்பா. மணி இப்பத்தான் பன்னெண்டு."

கிழவர் அப்படியே நின்றுவிட்டார். "பன்னெண்டா? நான் சோறு தின்னு, தூங்கி எழுந்து வர்றேனே." சிரிக்கப் பார்த்தார். "அப்ப நான் தின்னது எந்த வேள சோறு? காலைலயா, நேத்து ராத்திரியா?"

செல்வாம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோயில் மணி காத்து நம்ம பக்கம் அடிச்சாத்தான் கேக்குது. ரேடியோ இருக்குது, நான் முழிச்சிக்கினு இருக்கறப்ப அது தூங்குது. தூங்கி எழுந்தா பொழுது எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியலம்மா. நேத்து அக்கம்பக்கத்துல கேட்டு கேட்டு, அவங்களுக்கே சலிச்சி போச்சி. அஞ்சலாட்சி வந்திருந்தா. ஒனக்கு புத்தி தடுமாறுதுப்பா, வீட்ட பூட்டிக்கினு காரைக்காலுக்கு வாங்கறா. மருமவன் வூட்டு மூலையில போயி குந்திக்க சொல்றா." மோரைக் குடிக்காமலே கேட்டார்: "அந்த வில்லு வந்துச்சா தம்பி?"

செல்வாம்பாள் புருஷனைப் பார்த்தாள். தணிகாசலம் எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தான். வாட்சைக் கையில் எடுத்தும்விட்டான். கையில் எடுத்ததும் அது விரல்களுக்குள் துடித்தது. இந்த நிமிஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை நாளாய் எங்கே இருந்தது என்று கேட்பார். பீரோவிலிருந்தா என்பார். நாளைக்கு ரிப்பேர்க்கடை டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் கேள்வி வராது. வாட்சை வைத்துவிட்டு, பீரோக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான்.

"அடுத்த வாரம் வந்துடுமாம் பெரியப்பா. கடுதாசி போட்டிருக்கான்."

செல்வாம்பாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தேங்காய்த்திட்டுப் பக்கம் படகெல்லாம் கரையேறிவிட்டது. மூன்றாவது நாள் பொழுது சாயும் நேரம், மழை விட்டு வானம் சாம்பலாக இருந்தபோது, மழைக்கு ஒதுங்கி அவன் இன்னும் உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸ் கதவை யாரோ இடித்தார்கள். தொழிற்சங்கத்துக் கோவிந்தசாமி தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு, பின்னால் பத்துப் பதினைந்து பேரோடு நின்றான்.

"அண்ணே, பின்கேட்டுல லாரி வந்திருக்குது. மிஷின கழட்டி ஏத்தறாங்க. சங்க போடுங்க."

"முதலாளி உத்தரவு இல்லாம..."

"உத்தரவா? மிஷின் போயிடுச்சின்னா நீங்க யாருக்குண்ணே மணி பாக்கப்போறீங்க? போடுங்கண்ணே, ஆளு எல்லாம் மழைக்கு வீட்ல முடங்கி கெடக்குது. சங்கு கேட்டா ஓடியாந்துடும்."

அந்த மில்லில் அது வழக்கம்தான். வேளை தப்பிச் சங்கு ஊதினால் தீ, இல்லாவிட்டால் வம்பு. கேட்டுக்கு வா என்று அர்த்தம். மில் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தணிகாசலம் பொத்தானில் விரலை வைத்தான். மில் ஆள் இல்லாத ஒருவருக்கும் இந்தச் சங்குதான் மணி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே வெளிச்சம் விடியக்காலை மாதிரியே இருந்தது. குளிரும் அப்படித்தான். மழை விட்ட மரத்தில் காக்கைகள்கூட விடியலில் கத்துவதுபோல் கத்தின.

"என்னா அண்ணே யோசன? போடுங்க!"

அவன் அமுக்கினான். மூன்று வாரம் ஊமையாக இருந்த சங்கு முதலில் கமறி, பிறகு முழுக் குரலில் எழுந்தது. குடியிருப்பிலிருந்து ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள், பெண்கள் வந்தார்கள், பின்கேட்டில் கூச்சல் கிளம்பியது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடியபோது தணிகாசலம் சைக்கிளை எடுத்தான்.

முச்சந்தியில் ஒரு கணம் காலை ஊன்றி நின்றான். நேரே போனால் பக்கிரி வீடு. இடது பக்கம் திரும்பினால் தன் வீடு. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? இது விடியக்காலைச் சங்கு இல்லை பெரியப்பா என்றால் போதும். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாட்சோடு போனால் இன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று இடது பக்கம் திரும்பினான்.

செல்வாம்பாள் வீட்டில் இல்லை. அவளும் கேட்டுக்குப் போயிருந்தாள். ரிப்பேர்க்கடை டப்பாவைத் தேடி எடுத்தான். வாட்சை மெல்லிய துணியால் துடைத்தான். டப்பாவில் வைக்கப் போனவன், கடைசியாக ஒருதரம் என்று நாக்கைத் தள்ளினான். கனத்த ஒலி ஐந்து. டிங்-டாங் மூன்று. மெல்லிய ஒலி தொடங்கியபோது அதை எண்ணக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கடைசி ஒலி காற்றில் கரைந்து முடிகிறவரைக்கும் நின்றான்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது கமலா டீக்கடைக்கு எதிரே கும்பல். டெம்போ ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். "நான் ஆரன் அடிச்சேன்யா, பெருசு ராஜா மாதிரி நடுரோட்ல நடந்து வந்துச்சிய்யா."

ஈரத் தார்மேல் கைத்தடி கிடந்தது. ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கமலா சொன்னாள். "பல்லு வெளக்கி, திருநீறு இட்டுக்கினு, பளிச்சினு வந்தாருங்க. விடிஞ்சி போச்சா கமலா, டீ போட்டியான்னு அங்கேர்ந்தே கேட்டுக்கினு வந்தாரு."

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பில் விரிசல் விழுந்திருந்தது, மாதக்கணக்கில் படுக்கை என்றார்கள். அன்று அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. தணிகாசலம் மறுநாள் போனபோது காரைக்காலிலிருந்து அஞ்சலாட்சி வந்துவிட்டிருந்தாள். தடித்த உடம்பு, அழுது வீங்கின முகம்.

"வாங்கண்ணே. நல்லவேள வந்தீங்க. நீங்களாவது சொல்லுங்க. பொழுது சாயறப்ப விடிஞ்சிடுச்சின்னு ரோட்டுக்கு வந்திருக்காரு. வீட்ட காலிபண்ணி கூட்டிக்கினு போயிடறேங்கறேன், சண்ட போடறாரு."

பக்கிரி கட்டிலில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரே நாளில் முகம் பாதியாகியிருந்தது. "தம்பியா? கிட்ட வா." குரலைத் தாழ்த்திக்கொண்டார், மகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. "நீ நெசத்த சொல்லு. நான் சங்கு கேட்டேன். விடியக்காலைச் சங்கு. இவ, மில்லுதான் மூடிக்கெடக்குதே, எங்கப்பா சங்குங்கறா. நர்சம்மாவும் சிரிக்குது. எனக்கு காதும் போயிடுச்சா? புத்தி நெசமாவே பெசகிடுச்சா?" அவர் கை தணிகாசலத்தின் சட்டையைப் பற்றிக் கசக்கிக்கொண்டிருந்தது. இடுப்பு வலியைவிட அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

டப்பா தணிகாசலத்தின் சட்டைப்பையில் இருந்தது. வில் வந்துவிட்டது பெரியப்பா என்று சொல்லிக் கொடுத்தால் அவர் சந்தோஷப்படுவார். அஞ்சலாட்சி காபி வாங்கிக் கொடுப்பாள். அந்தச் சொற்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. இத்தனை மாதம் அவை தானாகத்தான் வந்தன.

"ஒங்க காதுக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா. சங்கு ஊதிச்சி. நான்தான் ஊதினேன். லாரி வந்துச்சின்னு, ஆள கூப்புடறதுக்கு."

கிழவரின் விரல்கள் நின்றன. "ஊதிச்சா?"

"ஊதிச்சி."

"கேட்டியா?" பக்கிரி தலையைத் திருப்பி மகள் இருந்த பக்கம் கத்தினார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டியாடீ? சங்கு ஊதிச்சாம்! நான் பைத்தியம் இல்ல!"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தணிகாசலம் டப்பாவை எடுத்து, வாட்சை வெளியே எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தான். "வில்லு எதுவும் ஒடையல. பம்பாய்க்கு எதுவும் போவல. சித்திரையிலயே சரியாயிடுச்சி பெரியப்பா. எங்க வீட்லதான் இருந்துச்சி."

அஞ்சலாட்சிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து வந்தாள். "சித்திரையிலேர்ந்தா? ஏன்யா, நீ சோத்த திங்கறியா, வேற எதனா திங்கறியா? கண்ணு தெரியாத மனுசன்கிட்ட..." வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இரு அஞ்சலாட்சி" என்றார் பக்கிரி.

அவர் கட்டைவிரல் பழைய இடத்தைத் தானாகக் கண்டுபிடித்தது. நாக்கைத் தள்ளினார். அத்தனை கட்டிலுக்கும் நடுவில் அந்தச் சின்ன மணிகள் அடித்து ஓய்ந்தன. அவர் கடைசி ஒலி வரைக்கும் அசையாமல் கேட்டார்.

"தெனம் கேப்பியா?"

"தெனம்."

"நல்லா இருந்துச்சா?"

வைகிற குரலில் கேட்டிருந்தால் தணிகாசலம் தலை குனிந்திருப்பான். அவர் அப்படிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தச் சத்தத்தை இன்னொரு மனுஷனும் அப்படிக் கேட்டிருக்கிறானே என்பதுபோல.

"இருந்துச்சி பெரியப்பா."

பக்கிரி வாட்சை மணிக்கட்டில் வைத்து வாரைக் கோக்கத் தடவினார். ஒரு கையால் கொக்கி மாட்ட முடியவில்லை. உதவ நீண்ட தணிகாசலத்தின் கையை அவர் உணர்ந்து, "கைய எடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பல்லால் வாரைக் கடித்து இழுத்து அவரே மாட்டிக்கொண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். உடம்பைத் திருப்ப முடியாததால் முகத்தை மட்டும்.

வீட்டுக்கு வந்து செல்வாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். முச்சந்தியில் இடது பக்கம் திரும்பினதையும், கடைசியாக ஒருதரம் அடிக்கவிட்டதையும்கூடச் சொன்னான். அதை அவன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கவில்லை. அவள், "நாளைக்கி ரசம் வெச்சி தர்றேன், எடுத்துக்கினு போங்க. வாங்கிக்கறாரோ இல்லியோ" என்றாள்.

தூக்குவாளியை வாங்கிக்கொள்ள அஞ்சலாட்சிதான் வந்தாள். மூஞ்சியைப் பார்க்காமல் வாங்கினாள். "அப்பா காரைக்காலுக்கு வரமாட்டேன்னுட்டாரு. எழுந்து நடந்ததும் இங்கியே இருப்பாராம். இனிமே பொழுது தெரியும்ங்கறாரு." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்கள பாக்க வேணாம்ங்கறாரு. உள்ள வராதீங்க" என்றாள்.

அவன் அதற்குப் பிறகும் தினம் போனான். வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு இருந்தது. தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, காலியாகி வருகிறவரைக்கும் அதில் உட்கார்ந்திருப்பான். எப்போதாவது மன்னித்துக் கூப்பிடுவார் என்ற நினைப்பு முதலில் இருந்தது. கூப்பிடவில்லை. மில்லைத் திறக்கப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, கோவிந்தசாமி அவனைத் தேடி ஆள் அனுப்பினான், போகவில்லை.

வார்டு வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் பக்கிரி அடிக்கடி மணி பார்த்தார். மாத்திரைக்கு, சோற்றுக்கு, சும்மா. கனத்த ஒலி, பிறகு இரட்டை ஒலி, பிறகு மெல்லியது. முதல் ஒலி கேட்டதும் வராந்தாவில் தணிகாசலத்தின் பிடரி சிலிர்த்துக்கொள்ளும். கேட்கக்கூடாது என்று ஒருநாள் எழுந்து வாசல்வரைக்கும் போனான். பாதி வழியில் அது அடிக்க ஆரம்பித்தது. அவன் நின்று, முழுதும் முடிகிறவரைக்கும் கேட்டுவிட்டு, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தான் ரசம் கொண்டுவருவது எதற்காக என்று அவனுக்கே அதற்குப் பிறகு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.